சம்பந்திகள் ஏறிய அன்னப் படகு

அந்தமானுக்குப் போக வேண்டும் என்று மயில்சாமி ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இன்னாசிமுத்துவும் நினைத்ததில்லை. அப்படியிருந்தும் இரண்டு பேரும் ஒரே கப்பலில் ஏறினார்கள். எல்லாம் மரியாதை செய்த வேலை.

அந்தத் தை மாதம்தான் மயில்சாமியின் மகள் அன்புச்செல்விக்கும் இன்னாசிமுத்துவின் மகன் வின்ஸ்டனுக்கும் கோயமுத்தூரில் கல்யாணம் நடந்திருந்தது. காலையில் சர்ச்சில் தாலி, மாலையில் மண்டபத்தில் விருந்து. மயில்சாமி அரசு பஸ் டிரைவர். வெள்ளகோவில் வழியாகக் கரூர் போகும் வண்டியைத் தலைமயிர் நரைத்த பிறகும் ஓட்டிக்கொண்டிருப்பவர். இன்னாசிமுத்து மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். இருவருடைய அப்பாக்களும் கொடுமுடிப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள்தான். ஒருவர் மாரியம்மனைக் கும்பிட்டார், இன்னொருவர் மாதாவைக் கும்பிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் சம்பந்தம் பேசும்போது எந்தச் சிக்கலும் வரவில்லை. சிக்கல் வந்தது கல்யாணத்தன்றுதான்.

விருந்து மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. மயில்சாமியின் ஒரம்பரை சனம் கொடுமுடியிலிருந்து வேனில் வந்து இறங்குவதற்குள் பிரியாணி அண்டாவை வழித்தாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் எலுமிச்சை சாதத்தோடு எழுந்து போனார்கள். வீடியோ பெண் வீட்டுப் பொறுப்பு. இன்னாசிமுத்து இந்தக் கல்யாணத்துக்கென்றே கடைவீதியில் அளவு கொடுத்து ஒரு கோட்டுத் தைத்திருந்தார். கேசட் வந்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுப் பார்த்தார். படம் முழுக்க ஓடியும் அவர் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தார். அங்கேயும் முதுகு.

இதை அவர் இவரிடம் கேட்கவில்லை. இவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை கெட்டுவிடும். அதற்குப் பதிலாக இரண்டு பேரும் மரியாதையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மயில்சாமி ஒரு ‘ங்க’ போட்டால் இன்னாசிமுத்து இரண்டு போட்டார். டீ குடிக்கிறீங்களா என்று கேட்பதற்குள் டீ ஆறிப் போகிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

இந்த நிலையில்தான் இன்னாசிமுத்துவுக்கு ஆபீசில் சேர்ந்திருந்த பயணச் சலுகை அந்த வருஷத்தோடு காலாவதியாகப் போவது தெரிய வந்தது. சரவணம்பட்டியில் ஒரு காலேஜில் லேப் உதவியாளராக இருந்த வின்ஸ்டன், புதுப்பெண்டாட்டியோடு அந்தமான் போவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். மகன் போகிற இடத்துக்கே நாமும் போய்விட்டால் சலுகை வீணாகாது என்று இன்னாசிமுத்து கணக்குப் போட்டார். அவர் மனைவி ஜெயக்கொடி, தேனிலவுக்கு மாமனார் மாமியார் போவது எங்காவது உண்டா என்று கேட்டதற்கு, நாம் என்ன அவர்கள் அறையிலா தங்கப்போகிறோம் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

விஷயத்தைச் சொல்ல சம்பந்தி வீட்டுக்குப் போனவர், சும்மா ஒரு பேச்சுக்கு, “நீங்களும் வந்தீங்கன்னா ரொம்ப நல்லாயிருக்குமுங்க” என்று முடித்தார். லீவு கிடைக்காது என்று மயில்சாமி சொல்லுவார், தானும் அடடா என்று வருத்தப்படலாம் என்பது அவர் எதிர்பார்ப்பு. மயில்சாமியின் நாக்கு நுனி வரைக்கும் அந்த லீவு வந்ததும் உண்மை. ஆனால் வேண்டாம் என்றால் பிரியாணிக் கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொள்வாரே என்ற பயம் குறுக்கே வந்தது.

“உங்க பேச்சத் தட்ட முடியுமுங்களா” என்றுவிட்டார்.

இரண்டு முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தன. மயில்சாமியின் மனைவி ராமாத்தாள் மட்டும் சந்தோஷமாக, கடல் தண்ணி கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுனு இருக்குமா என்று கேட்டாள். புதுமணத் தம்பதியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து கப்பல். முதல் நாளே அலை தூக்கிப் போட்டது. குமட்டிக்கொண்டு வந்தபோது இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு பக்கெட்தான் இருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மொதல்ல நீங்க எடுங்க என்று மயில்சாமி சைகை காட்டினார். இல்லை, நீங்க என்று இன்னாசிமுத்து கண்ணாலேயே சொன்னார். முடிவில் பக்கெட் சுத்தமாக இருந்தது. தரையைத்தான் கப்பல் ஆள் வந்து கழுவினான்.

போர்ட் பிளேரில் இறங்கி ஒருநாள் படுத்துக் கிடந்த பிறகு, எதிரே இருக்கும் ஒரு சின்னத் தீவுக்குப் போகலாம் என்று வின்ஸ்டன் ஏற்பாடு செய்தான். அங்கே வெள்ளை மணல், நீச்சலடிக்கத் தோதான தண்ணீர், அடியில் கண்ணாடி வைத்த படகு, மிதிக்கிற படகு எல்லாம் உண்டு. போக வர ஃபெர்ரி.

காலையில் படகுத்துறையில் நல்ல கூட்டம். வின்ஸ்டனும் அன்புச்செல்வியும் முதலில் ஏறினார்கள். இரண்டு அம்மாக்களும் பைகளோடு ஏறினார்கள். ஏறுபலகை ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். அதன் வாயில் வந்து சம்பந்திகள் இருவரும் நின்றார்கள்.

“நடங்க சம்பந்தி” என்றார் மயில்சாமி.

“அட, நீங்க முன்னால போங்க. நான் பின்னால வாரேன்.”

“பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் எப்படிங்க.”

“வயசுல என்னங்க இருக்குது. பொண்ணக் குடுத்தவுங்க நீங்க.”

பின்னால் நின்றவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். கயிற்றை அவிழ்க்கிற ஆள் இந்தியில் இரண்டு முறை ஏதோ சொன்னான். மூன்றாவது முறை சொல்லவில்லை. பலகையை உருவிக்கொண்டான். ஃபெர்ரிக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. ராமாத்தாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடக் கெரகமே என்பதுபோல் நெற்றியில் தட்டிக்கொண்டாள். அன்புச்செல்வி வின்ஸ்டனைப் பார்த்தாள். வின்ஸ்டன் கடலைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். மயில்சாமிக்கு அந்தச் சிரிப்பு கரையிலிருந்தே தெரிந்தது.

அடுத்த ஃபெர்ரிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி மயில்சாமி பேசினார். அதன் ருசியை இன்னாசிமுத்து ஒப்புக்கொண்டார். பிறகு இந்த ஊர் வெயிலைப் பற்றி இன்னாசிமுத்து பேசினார். மயில்சாமி ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் ஒப்புக்கொள்ள எதுவும் இல்லாமல் இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபெர்ரி வந்ததும் கயிற்றுக்காரன் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. கைக்கொரு ஆளாக முழங்கையைப் பற்றி, மூட்டையை ஏற்றுவதுபோல் இருவரையும் உள்ளே தள்ளிவிட்டான்.

தீவில் இறங்கிப் பார்த்தால் அம்மாக்கள் இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் இருந்தார்கள். நைட்டி போட்டு, மேலே துண்டைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். ஜெயக்கொடி ஒவ்வொரு அலைக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். ராமாத்தாள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கை கால் ஆடவில்லை, கண் மூடியிருந்தது, மெத்தையில் படுத்தவள் மாதிரி கிடந்தாள். மயில்சாமி பதறிப் போய்க் கூப்பிட்டார். அவள் ஒரு கண்ணைத் திறந்து, “என்னுங்க, வந்துட்டீங்களா” என்றாள். சின்னப் புள்ளையாகத் தோட்டத்துக் கிணற்றில் குதித்து விளையாடியபோது பழகியதாம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் தனக்கு நீந்தத் தெரியும் என்று அவள் சொன்னதே இல்லை. நீங்க கேக்கலையே என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிள்ளைகள் எங்கே என்று இன்னாசிமுத்து கேட்டார். சங்கு பொறுக்க அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள், தேடாதீர்கள் என்று ஜெயக்கொடி சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், ஆம்பளைகள் இரண்டு பேரும் கரையில் கம்பம் மாதிரி நிற்காமல் ஏதாவது படகில் ஏறுங்கள் என்று துரத்திவிட்டாள். கணவர் தோளில் ஒரு பெரிய டர்க்கி டவலையும் போட்டு அனுப்பினாள்.

மிதிக்கிற படகுகளை வைத்திருந்தவன் ராமநாதபுரத்துக்காரன். தமிழ் பேசினான். அன்னப் பறவை மாதிரி கழுத்து நீண்ட ஒரு படகுதான் மிச்சம் இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதிக்க வேண்டும். திருப்புவதற்கு ஒரு கைப்பிடி, அது வலது பக்கத்தில் இருக்கிறவருக்கு. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இருவருக்கும் மாட்டி இறுக்கிக்கொண்டே, சிவப்பு மிதவைகளைத் தாண்டிப் போகாதீங்க, அந்தப் பக்கம் தண்ணி இழுவை இருக்கு என்று சொன்னான்.

கைப்பிடியைப் பார்த்ததும் மயில்சாமியின் உள்ளங்கை அரித்தது. பிறந்ததிலிருந்து பிடித்த வேலை. ஆனால் வாய் வேறு மாதிரி பேசிவிட்டது. “ஸ்டியரிங்கு நீங்களே புடிங்க சம்பந்தி.”

இன்னாசிமுத்து வாழ்க்கையில் ஓட்டிய ஒரே வண்டி மொபெட். அதையும் வீட்டுக் கேட்டில் இரண்டு முறை மோதிவிட்டு விற்றுவிட்டார். ஆனாலும் சம்பந்தி மனம் நோகக் கூடாதே என்று கைப்பிடிப் பக்கம் உட்கார்ந்தார். பேன்ட், ஷூ எல்லாம் போட்டபடியே உட்கார்ந்தார். மயில்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

அன்னம் கிளம்பியது. கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் வட்டம் போட ஆரம்பித்தது. மயில்சாமியின் வலது கால் பெடலை விட்டுவிட்டு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. எதிரே ஒரு சிவப்பு மிதவை வந்தது.

“சம்பந்தி, கொஞ்சம் அக்கட்டால திருப்புனீங்கன்னா நல்லாயிருக்கும்னு எனக்கு ஒரு ரோசனைங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் அன்னம் மிதவையை இடித்துத் தாண்டியிருந்தது. எங்கள் ஊர் மரியாதையில் இருக்கும் ஒரே குறை அதுதான். பேச்சு முடிவதற்குள் திருப்பம் போய்விடும்.

“எக்கட்டாலைங்க?” என்று இன்னாசிமுத்து கேட்டார்.

“உங்களுக்கு எப்படித் தோதோ அப்படிங்க.”

“இல்லைங்க, நீங்க சொல்லுங்க.”

இழுவை இரண்டு பேரையும் கேட்காமல் தன் வழிக்கு அன்னத்தைக் கொண்டுபோனது. கரையில் ராமநாதபுரத்துக்காரன் கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது. சம்பந்திகள் பதிலுக்கு மரியாதையாகக் கையை ஆட்டினார்கள். தீவின் முனையில் கருப்பாக ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அலை அதில் மோதி வெள்ளையாகச் சிதறியது. அன்னம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நேராக அதை நோக்கிப் போனது. இன்னாசிமுத்து பாறையைப் பார்த்துக்கொண்டு, கைப்பிடியைச் செபமாலை மாதிரி இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு உறைந்து போயிருந்தார்.

மயில்சாமிக்குள் இருந்த டிரைவர் எழுந்துவிட்டார். “இடதுல ஒடிடா. ஒடிடாங்கறேன்.”

இன்னாசிமுத்து ஒடித்தார். பாறை ஒரு கை தூரத்தில் கடந்து போனது. 

“டா-ங்களா?” என்றார் இன்னாசிமுத்து மெதுவாக.

 மயில்சாமி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. “ஆமாண்டா. கல்லு மேல கொண்டு போயி சாத்தப் பாக்கறே, உனக்கு ங்க ஒரு கேடா. சோத்துலயும் அப்படித்தான் செஞ்சுபோட்டே. என்ற ஒரம்பரை அத்தன பேரும் கொடுமுடியில இருந்து பசியோட வந்து, வெறும் எலுமிச்ச சோத்தத் தின்னுபோட்டுப் போனாங்க.”

இன்னாசிமுத்துவின் முகம் சிவந்தது. “நான் மட்டும் பிரியாணி தின்னனா? உன்ற சனம் நிக்கறதப் பாத்துட்டு, நானும் என்ற ஊட்டுக்காரியும் அதே எலுமிச்ச சோத்தத்தான்டா தின்னோம். எண்ணூறு பேருன்னு நீ சொன்னே, ரெண்டு வேன் சேத்தி வந்துச்சு. அது போகட்டும். என்ற கோட்ட எங்கடா வீடியோவுல? நாலு தடவ அளவு குடுத்துத் தெச்ச கோட்டு. படத்துல நான் ஒருக்கா வாரேன், அதுவும் முதுகு.”

“நான் மட்டும் முழுசா வாரனா? என்ற தம்பி மச்சினன் புடிச்ச படம்டா அது. அவன் அதுக்கு முன்னால காமிராவத் தொட்டதே இல்ல. எனக்கு மூக்குக்கு மேல ஒண்ணுமே இல்ல. பொண்ணு தாலி கட்டிக்கறப்ப ஃபேனப் புடிச்சு வெச்சிருக்கறான். இதப் போயி வெளிய சொல்ல முடியுமா, அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்.”

இன்னாசிமுத்து அவரை வெறித்துப் பார்த்தார். “அந்த ஃபேன்... நாங்க அது என்னமோ உங்க சாமி சமாச்சாரம்னு நெனச்சோம்” என்றார்.

மயில்சாமிக்கு முதலில் வயிறுதான் குலுங்கியது. பிறகு இன்னாசிமுத்துவுக்கும் குலுங்கியது. அன்னம் சேர்ந்து ஆடியது. அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று பார்த்தால் தெரியாத அளவுக்கு இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. இதற்கிடையில் இழுவை அவர்களைப் பாறைக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து, அலையில்லாத ஒரு குடாவுக்குள் விட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மயில்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

இடுப்பளவு தண்ணீரில் வின்ஸ்டன் நின்றுகொண்டிருந்தான். அன்புச்செல்வி அவன் சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையை விரித்துவிட்டு, அவன் கைகளில் மிதந்துகொண்டிருந்தாள். அவன் கையை விடுவதும், அவள் முழுகி எழுந்து இருமுவதும், இருமிக்கொண்டே சிரிப்பதுமாக இருந்தார்கள். மகள் அப்படிச் சிரித்து மயில்சாமி கேட்டதில்லை. வீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண். அதற்கப்புறம் அவள் வின்ஸ்டன் கழுத்தைக் கட்டிக்கொண்டு செய்தது, ஒரு தகப்பன் பார்க்கக் கூடாதது. இரண்டு தகப்பன்கள் சேர்ந்து பார்க்கவே கூடாதது.

இருவரும் ஒரே நேரத்தில் அன்னத்தின் கழுத்துக்குப் பின்னால் குனிந்தார்கள்.

“திருப்புடா இன்னாசி” என்று மயில்சாமி கிசுகிசுத்தார்.

“எனக்கு வராது. நீ இக்கட்டால வா.”

குனிந்தபடியே இடம் மாறினார்கள். மிதவைச் சட்டையும் மிதவைச் சட்டையும் சிக்கிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து, அன்னம் குடை சாயப் பார்த்து நிமிர்ந்தது. கைப்பிடி மயில்சாமியின் கைக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. போலாம், மெதுவா, இப்ப வெசையா என்று அவர் சொல்லச் சொல்ல இன்னாசிமுத்து வாயைத் திறக்காமல் மிதித்தார். ஆனால் குடாவின் வாய் வரைக்கும் வந்தபோது அன்னம் மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இறங்கித்தான் தள்ள வேண்டும். இறங்கினார்கள். இன்னாசிமுத்துவின் ஷூவுக்குள் கடல் புகுந்தது. மயில்சாமியின் வேட்டி தண்ணீரில் குடை மாதிரி விரிந்தது. ஒரே தள்ளில் அன்னம் விடுபட்டது. அதே நேரத்தில் வந்த அலையில் வேட்டியும் விடுபட்டது.

அவர் எட்டிப் பிடிப்பதற்குள் அது கைக்கு அகப்படாத தூரம் போய்விட்டது. பச்சைக் கரை போட்ட வேட்டி. அவசரமே இல்லாமல், விரித்துப் போட்ட பாய் மாதிரி, நேராகப் பிள்ளைகள் இருந்த பக்கமே மிதந்து போனது. கோடு போட்ட டிராயரோடும் ஆரஞ்சுச் சட்டையோடும் மயில்சாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னாசிமுத்து தன் தோளில் கிடந்த டர்க்கி டவலை எடுத்து நீட்டினார்.

திரும்பி வருவதற்கு வெகுநேரம் ஆனது. பாதி வழியில் ராமநாதபுரத்துக்காரன் மோட்டார் படகில் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். கரை சேரும் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தான். இரண்டு பேரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். டவலைச் சுற்றிக்கொண்டு வந்த கணவரை ராமாத்தாள் மேலும் கீழும் பார்த்தாள். வேட்டி எங்கே என்றாள். கடல் எடுத்துக்கிச்சு என்றார் மயில்சாமி. 

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பிள்ளைகள் வந்தார்கள். அன்புச்செல்வி கையில் ஒரு மூட்டை. அவிழ்த்தாள். உள்ளே சங்கும் சிப்பியும். மூட்டைத் துணி பச்சைக் கரை போட்ட வேட்டி.

“கரையில ஒதுங்கிக் கெடந்துச்சுப்பா” என்றாள், சிப்பிகளைப் பார்த்துக்கொண்டே. “யாருதோ.”

“யாருதோ” என்றார் மயில்சாமி.

வாரா வாரம் துவைத்த கைக்குத் துணியைத் தெரியாதா. ராமாத்தாள் கரையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, மீன் துண்டில் முள் எடுக்க ஆரம்பித்தாள். ஜெயக்கொடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வின்ஸ்டனுக்குக் காது வரைக்கும் சிவந்திருந்தது. ஏதாவது பேசியாக வேண்டும் என்று, படகு நல்லா இருந்துச்சுங்களா மாமா என்று கேட்டுவைத்தான்.

“அலை ஜாஸ்தி தம்பி” என்றார் மயில்சாமி. “கண்ணுல உப்புத் தண்ணி அடிச்சிருச்சு. ஒண்ணுமே தெரியல.”

“எனக்கும் அடிச்சிருச்சு” என்றார் இன்னாசிமுத்து.

மறுநாள் ஆறு பேரும் இன்னொரு தீவுக்குப் போவதாக இருந்தது. காலையில் புறப்படும்போது சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில், தங்களுக்கு மர அறுவை மில் பார்க்க வேண்டும் என்றார்கள். ஊரில் பழைய மரமில் ஒன்று உண்டு, பெரிய பெரிய காட்டு மரங்களை அங்கே அறுப்பார்கள் என்று லாட்ஜில் சொல்லியிருந்தார்கள். கடல் கடந்து வந்து மரம் அறுப்பதைப் பார்க்க வேண்டுமா என்று ஜெயக்கொடி கேட்டாள். வேண்டும் என்றார்கள். அப்படியானால் நானும் சம்பந்தியம்மாளும் இங்கேயே ஊர்க் கடற்கரையில் இறங்கிக்கொள்கிறோம், இன்றைக்கு அவர் எனக்கு மல்லாந்து மிதக்கச் சொல்லித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி, ஜெயக்கொடி நைட்டியைப் பையில் வைத்தாள். தீவுக்கு வின்ஸ்டனும் அன்புச்செல்வியும் மட்டும் போனார்கள். எதற்காக இப்படி என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் யாராவது மனம் மாறிவிடலாம் என்ற பயம் போலிருக்கிறது, ஃபெர்ரி கிளம்ப வெகுநேரத்துக்கு முன்பே போய் ஏறிக்கொண்டார்கள்.

மரமில்லில் பெரிய ரம்பம் ஒன்று ஆளுயர மரத்தை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. சம்பந்திகள் இருவரும் ஒரு பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, வாங்கி வந்த கடலையைக் கொறித்துக்கொண்டு, காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மரம் முடிந்து அடுத்த மரத்தை ஏற்றுகிற இடைவெளியில் ரம்பம் நின்றது. மயில்சாமி கேட்டார்.

“இன்னாசி, என்ற பொண்ண உன்ற பையன் நல்லா வெச்சுக்குவானா?”

“நேத்து நீதான் பாத்தியே.”

“நான் எங்க பாத்தேன். எனக்குக் கண்ணுல உப்புத் தண்ணி.”

“நான் பாத்தேன்” என்றார் இன்னாசிமுத்து. “நல்லா வெச்சுக்குவான்.”

ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்தது.